கோட்டுப் பையில் வேப்பிலை

எங்கள் வீட்டில் அப்பாவும் இருந்தார், அம்மாவும் இருந்தாள். ஆனால் ஆடி பிறந்து தை முடியும்வரை இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. சண்டை சச்சரவெல்லாம் கிடையாது. ஏலக்காய்தான் காரணம்.

அம்மா காய் எடுக்கப் போகிறவள். போடியிலிருந்து விடிகிற நேரத்துக்கு ஜீப்பு ஏறி, முந்தல் தாண்டி மலையேறி, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பகல் முழுக்கக் குனிந்து காய் பறித்துவிட்டுப் பொழுது சாய இறங்குவாள். அப்பாவுக்கும் அதே எஸ்டேட்டில்தான் வேலை, ஆனால் ராத்திரியில். பெண்கள் பறித்துப்போட்ட பச்சைக் காயை விறகுச் சூட்டில் விடிய விடிய உலர்த்துகிற ஸ்டோரில் அவர் இருந்தார். சாயங்காலம் அம்மாவை இறக்கிவிடுகிற ஜீப்புதான் அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும். காலையில் அப்பாவை இறக்கிவிட்டு அம்மாவை ஏற்றிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பறிப்பு இல்லை, அம்மா வீட்டில் இருப்பாள். அப்பா சனிக்கிழமைக் காயைக் காயவைக்கப் போனவர் திங்கட்கிழமைதான் வருவார். எனக்கு ஏழெட்டு வயது. எழுபதுகளின் முன்பாதி.

ஆக, எங்கள் குடும்பத்தின் சாயங்காலம் என்பது அந்த ஜீப்பு டிரைவர் முந்தல் ரோட்டு டீக்கடையில் ஒரு டீ குடிக்கிற நேரம். பத்து நிமிடம் இருக்கும். அதற்காக நானும் தம்பியும் அப்பாவோடு ஆறு மணிக்கே போய் நிற்போம். ஜீப்பு வந்து நின்றதும் உள்ளேயிருந்து பெண்கள் இறங்குவார்கள், இறங்குவார்கள், இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அம்மாவின் கையெல்லாம் காய்ப் பாலின் கறை கறுத்திருக்கும். அது எங்கள் சட்டையில் படக்கூடாது என்று தம்பியை முழங்கையால் அணைத்தே தூக்குவாள். அப்படித் தூக்க அவளால் மட்டும்தான் முடியும்.

"சோறு வடிச்சுட்டேன். கொழம்பு மட்டும் வச்சுக்க," என்பார் அப்பா.

"சின்னவன் உங்களத் தூங்க விட்டானா?"

"எங்க விட்டான்? மத்தியானமெல்லாம் என் முதுகுல ஏறி ஆனை ஓட்டுனான்."

இவ்வளவுதான் பேச்சு. அதற்குள் டிரைவர் கிளாசை வைத்துவிட்டு, "வெரசா ஏறுங்கப்பா, மேல மழை புடிச்சிருக்கு," என்பார். அந்த மனிதர் மேல் எனக்கு அப்போது அவ்வளவு கோபம். இப்போதும் லேசாக உண்டு. டீ மாஸ்டரிடம் நானே போய், "அண்ணே, அவருக்கு நல்லாக் கொதிக்கக் கொதிக்கக் குடுங்கண்ணே," என்று சொல்லிப் பார்த்தேன். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அது என்ன வாயோ, கொதிக்கிற டீயையும் மூன்று மடக்கில் முடித்துவிட்டு ஏறிவிட்டார்.

வீட்டில் மலைக் குளிருக்கென்று இருந்தது ஒரே ஒரு கம்பளிக் கோட்டு. பகலில் அம்மா போட்டிருப்பாள், ராத்திரியில் அப்பா. ஜீப்பை விட்டு இறங்கியதும் அம்மா அதைக் கழற்றி என்னிடம் தருவாள். பையைத் துழாவி எங்களுக்காக அவள் கொண்டுவந்த கொய்யாவையோ நெல்லிக்காயையோ எடுத்துக்கொண்டு, அப்பாவின் வெற்றிலைப் பொட்டலத்தை உள்ளே வைத்து அவரிடம் கொடுப்பது என் வேலை. அப்பா மாட்டிக்கொள்ளும்போது கோட்டில் அம்மாவின் சூடு இருக்கும். காலையில் அம்மாவுக்கு அப்பாவின் சூடு. அந்தக் கோட்டு எங்களைவிடக் கொடுத்துவைத்தது என்று எனக்குத் தோன்றும்.

அந்த ஐப்பசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அவள் அப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர், பாதி நாள் வீட்டிலேயே இருக்கமாட்டார். அம்மை போட்ட வீட்டு ஆள் என்று அவரை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பத்து நாளும் மனிதர் வீட்டோடு இருந்தார். விளக்கு வைத்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் பேசுகிற சத்தம் கேட்கும். சிரிப்புக்கூடக் கேட்கும். அவளுக்காக நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. பொறாமையில் வெந்துபோனேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேப்பிலை வந்தால் அப்பா வீட்டில் இருப்பார். அவ்வளவுதான் என் கணக்கு. அதற்கு நடுவில் நோய் என்று ஒன்று இருப்பதே என் புத்தியில் ஏறவில்லை.

அன்று தம்பிக்கு உடம்பு லேசாகக் கதகதவென்றிருந்தது. தூங்கட்டும் என்று அவனை எதிர்வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு, ஸ்டோருக்கு மண்ணெண்ணெய் வாங்க வேண்டும் என்று அப்பா முன்னாலேயே போய்விட்டார். நான் பின்னால் வெற்றிலைப் பொட்டலத்தோடு ஓடினேன். வழியில் குழாயடி வேம்பில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டேன். அம்மா கோட்டைத் தந்ததும் பொட்டலத்தோடு அதையும் பையில் வைத்தேன். ஏறி உட்கார்ந்ததும் வெற்றிலைக்குக் கையை விடுவார், பார்ப்பார், இறங்கிவிடுவார்.

ஆனால் அன்று ஜீப்பில் ஒரே நெரிசல். அப்பாவுக்குக் கையை மடக்கவே இடமில்லை. ஜீப்பு முந்தல் பக்கம் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் இறங்கவில்லை. அம்மா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கியும்விட்டேன். இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஜீப்பு வருவதற்கு வெகுநேரம் முன்பே கதவு தட்டும் சத்தம். அம்மா அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தாள். அப்பா நின்றார். இடுப்பு வரை சேறு. கணுக்காலில் அட்டை கடித்த இடங்களிலிருந்து ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. விளக்கை எடுத்துக்கொண்டு நேரே தம்பியின் பாய்க்கு வந்து குனிந்தார்.

"எங்க போட்டுருக்கு? மூஞ்சியிலயா?"

தம்பியின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். புரட்டி முதுகைப் பார்த்தார். கண்ணிமையை விரலால் தடவிப் பார்த்தார். அப்பாவின் தங்கை ஒருத்தி சின்ன வயதில் அம்மையில் கண் போய், பிறகு உயிரும் போனவள். அது எனக்குப் பின்னால்தான் தெரியும். தம்பி கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

"யாருக்கு என்ன போட்டுருக்கு? என்னத்தச் சொல்றீங்க?" என்றாள் அம்மா.

அப்பா கையை விரித்தார். வாடிப்போன வேப்பங்கொத்து. ஸ்டோரில் போய் வெற்றிலைக்குக் கையை விட்டபோதுதான் பார்த்திருக்கிறார். சின்னவனுக்கு முத்துப் போட்டிருக்கிறது, ஜீப்புக்காரர்களுக்குத் தெரிந்தால் ஏற்றமாட்டார்கள் என்று எதிர்வீட்டு அத்தை என்னிடம் ரகசியமாகக் கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஸ்டோர் அடுப்பை உடன் இருந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, குறுக்குப் பாதையும் ரோடுமாக அத்தனை தூரத்தையும் நடந்தே இறங்கியிருக்கிறார்.

"நாந்தேன் வச்சேன்," என்றேன். "பக்கத்து வீட்டு மாமா மாதிரி நீங்களும் வீட்ல இருப்பீங்கன்னு வச்சேன்."

அம்மா கையை ஓங்கிவிட்டாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, மடியில் தம்பியைப் போட்டுக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். கடைசியில் அம்மாவும் அழுதாள். தம்பி மட்டும் பசிக்கிறது என்றான்.

காலெல்லாம் வீங்கிவிட்டதால் அப்பா அன்று மலைக்குப் போகவில்லை. அம்மாவும் போகவில்லை. வெந்நீர் வைத்து அவர் காலைக் கழுவி, அட்டைக் கடிக்குச் சுண்ணாம்பு தடவினாள். சாயங்காலம் நாலு பேரும் ஒரே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் அப்பாவின் காலைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தூரத்தில் ஏதோ ஜீப்பு ஆரன் அடித்தது. அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அம்மாவின் கை கோட்டுக்குப் போய்விட்டது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அப்பா சொன்னார், வழியெல்லாம் மாரியம்மனை வேண்டிக்கொண்டே வந்தாராம். பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தால் சித்திரையில் வீரபாண்டிக்கு வந்து தீச்சட்டி எடுப்பதாக.

"நோவே வரலையே," என்றாள் அம்மா. "பெறகு எதுக்குச் சட்டி?"

"வரலைல்ல? அதுக்குத்தேன்."

சித்திரையில் காய் வேலை இல்லை. போனோம். வீரபாண்டியில் ஆற்றில் குளித்துவிட்டு, மஞ்சள் வேட்டியோடு அப்பா நின்றார். சட்டியில் நெருப்பு வளர்த்தார்கள். உள்ளங்கை சுடாமல் இருக்க அடியில் வேப்பிலை வைத்துத்தான் சட்டியைத் தூக்கிக் கொடுப்பார்கள். அம்மா இலையோடு முன்னால் வந்தாள். அப்பா தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ கொண்டா ஆத்தா. நீயே வையி."

அந்தக் கோட்டுப் பைக்குப் பிறகு வேப்பிலையை நான் தொட்டதே இல்லை. அவர் உள்ளங்கையில் அடுக்கினேன். அம்மா போதும் என்றாள். நான் இன்னும் அடுக்கினேன். ஓர் இடம்கூட அவருக்குச் சுட்டுவிடக் கூடாது என்று கொத்துக் கொத்தாக அடுக்கினேன்.

சட்டியை ஏந்தி அப்பா நடந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நடந்து, நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள். மலைக் கறை எல்லாம் போய் அவள் கை வெளுத்திருந்தது. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் நாலடிக்கு ஒருதரம் நின்று நின்று போகவேண்டியிருந்தது. பொழுது சாய்ந்து விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள், நாங்கள் பாதி தூரம்கூடப் போகவில்லை. எனக்கு மட்டும் அது இன்னும் மெதுவாக நகர்ந்தால் தேவலை என்று இருந்தது. அன்று எங்களை யாரும் வெரசா ஏறச் சொல்லவில்லை.