பென் டிரைவ் நிறையவே இல்லையாம்!

புதியம்புத்தூர்ல நம்ம எம்பிராய்டரி மிஷினுக்கு டிசைன் ஏத்துற குட்டி பென் டிரைவ், நேத்து "இடமில்லை"ன்னு கைய விரிச்சிட்டு. நாளைக்கு நூறு ஸ்கூல் பேட்ஜ் கொடுக்கணும்.

பழசை அழிக்கவும் மனசு வரல. வருசா வருசம் அதே டிசைனைத்தான் கேட்டு வருதாங்க.

புதுசு வாங்கக் காலையில கோவில்பட்டிக்குப் போனேன். கடைக்கார பாய் கம்ப்யூட்டர்ல சொருகிப் பாத்துட்டு, "முக்கால்வாசி காலியால்லா கெடக்கு"ன்னாரு.

"அப்புறம் ஏன் பாய் இடமில்லைங்குது?"

"அத்தனை ஃபைலையும் ஃபோல்டர் இல்லாம வெளியவே போட்டிருக்கீங்க. இந்தப் பழைய மாடல்ல, வெளிய கெடக்குற ஃபைலுக்குப் பேரு எழுத இத்தனை வரிதான்னு கணக்கு. அது தீந்துட்டு. நீளமான பேரு ஒண்ணே நாலு வரியைத் தின்னுரும்க்கா."

எப்போதும்வென்றான் ஊர்க் கோயில் கொடைக்கு நான் வச்ச பேரைப் பாத்தேன். 'எப்போதும்வென்றான் கொடை டீ-சர்ட் பச்சை கடைசி'. அதுக்குக் கீழ, 'எப்போதும்வென்றான் கொடை டீ-சர்ட் பச்சை கடைசிக்கும் கடைசி'.

பாய் சிரிக்காம, பேரையெல்லாம் சுருக்கி, ஊருக்கு ஒரு ஃபோல்டர் போட்டு உள்ள தள்ளுனாரு. போன்ல கொண்டுபோன பேட்ஜ் டிசைன் டக்குன்னு ஏறிட்டு.

"புதுசு ஒண்ணு வித்திருக்கலாமே பாய்?"

"உங்க மிஷின் இந்தச் சின்னதைத்தான் எடுக்கும். புதுசுலயும் இப்படித்தான போடுவீங்க?"

வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்தேன். 'நிறைஞ்சிட்டு'ன்னு நான் ஒதுக்குன பென் டிரைவ் நாலு கெடக்கு. இனி பத்து வருசத்துக்குக் கவலையில்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க மக்களே, 'கடைசிக்கும் கடைசி'ன்னு பேரு வைக்கிற ஆளு நான் மட்டும்தானா?