சாமிக்குப் பின்னால் இருந்த பை

ஓசூரில் காருக்கு ஏர்பேக் தைக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். புதிதாகச் சேரும் பெண்களுக்குத் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து முதல் நாள் பாடம் எடுப்பதும் நான்தான். வண்டி மோதியதைச் சென்சார் உணர்ந்ததும் பைக்குள் வாயு நிறையும். இமை மூடித் திறப்பதற்குள் டேஷ்போர்டின் மூடியைக் கிழித்துக்கொண்டு பை வெளியே வரும். அந்த மூடியின் மேல் எதை ஒட்டியிருந்தாலும் அது எறிந்த கல்லைப் போல முகத்தில் வந்து அடிக்கும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் மனைவிக்குச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு கார் வாங்கினோம். கோயில் வாசலில் பூசை முடிந்து, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. மனைவி சிறிய பித்தளைப் பிள்ளையார் ஒன்றைக் கொடுத்து, தான் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே ஒட்டச் சொன்னாள். எங்கள் பக்கம் புது வண்டியின் முன்னால் நின்று யாரும் விபத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். நானும் பேசவில்லை. டேப்பை நானே வெட்டி, அழுத்தி ஒட்டினேன்.

மறு வருடம் காவேரிப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. நான் பிரேக் போடுவதற்குள் மோதிவிட்டோம். இருவரும் பெல்ட் போட்டிருந்தோம். இரண்டு பைகளும் விரிந்தன. எனக்குக் கையில் சிராய்ப்பு. பிள்ளையார் பட்டு அவளுக்கு வலக்கண் போயிற்று. வண்டியில் என் பக்கம் இருக்கும் கண்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “தலைக்கு வந்தது கண்ணோட போச்சு, பிள்ளையார்தான் காப்பாத்துனார்” என்பாள். காபி எடுத்துவருவதாகச் சொல்லி நான் எழுந்து போய்விடுவேன். மூன்று வருடம் அப்படித்தான் எழுந்து போனேன்.

போன தை மாதம் மகள் கார் எடுத்தாள். அவளுக்குக் கைக்குழந்தை. வண்டிப் பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவி இன்னொரு பிள்ளையாரைக் கொண்டுவந்து, மகளின் வண்டியிலும் நீங்களே ஒட்டிக் கொடுங்கள் என்றாள். நான் கை நீட்டவில்லை. உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

அவள் எழுந்துபோய்ச் சோறு வடித்தாள். எனக்குப் பரிமாறினாள்.

மறுநாள் பூசை முடிந்து, மாலை போட்ட வண்டியின் முன்னால் எல்லோரும் நின்றோம். முந்தின நாள் தன்னிடம் சொன்னதை இங்கேயும் சொல்லச் சொன்னாள் மனைவி. சொல்லத் தொடங்கினேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காரக் கூடாது. பின் சீட்டில், குழந்தைக்கென்று இருக்கும் இருக்கையில் கட்டித்தான் உட்காரவைக்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒட்டி உட்காரக் கூடாது. பெல்ட் இல்லாவிட்டால் ஏர்பேக்கே ஆளை அடித்துவிடும்.

மருமகன் நெளிந்தார். “என்ன மாமா, நல்ல நாள் அதுவுமா.”

“நல்ல நாளா இருக்கறதாலதான் சொல்றார். நின்னு கேளுங்க மாப்பிள்ளை,” என்றாள் மனைவி.

சாமியை எங்கே ஒட்டக் கூடாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, வண்டியின் மாலையைச் சரிசெய்யத் திரும்பினேன். அவள் இந்தப் பக்கம் சுற்றி வந்து, தெரிகிற கண்ணால் என்னைப் பார்த்து நின்றாள்.

“ம், சொல்லுங்க,” என்றாள்.