தலைகீழாக வந்த மூன்று கோப்பைகள்

போன மாதம் திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணம். மாப்பிள்ளை, என் தோழி வசந்தாவின் அக்கா கணவர். தஞ்சாவூரிலிருந்து காரில் மூன்று பேர் கிளம்பினோம் – வசந்தா, நான், அப்புறம் ரேணு.

அந்த 'அப்புறம்' என் நாக்கில் எப்படிக் கசக்கிறது என்று உங்களுக்குப் புரிகிறதா?

வசந்தாவும் நானும் காலேஜில் ஒரே பெஞ்ச். இப்போது ஒரே தெரு. ரேணு போன வருஷம்தான் புனேயிலிருந்து வந்து வசந்தா வீட்டு மாடியில் குடியேறினார். ஆன்லைனில் டாரோ கார்டு பார்த்துப் பலன் சொல்கிறார். நல்ல மாதிரி. அதுதான் பிரச்சினையே... குறை சொல்ல ஒன்றும் கிடைப்பதில்லை.

கணவர் வேறொருத்தியோடு பழகினால் ஊரே நம் பக்கம் நிற்கும். தோழிக்கு இன்னொரு தோழி கிடைத்தால் யாரிடம் போய் அழுவது?

மயிலாடுதுறை தாண்டியதும் ரேணு கேட்டார்: "வசந்தா, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு," என்றாள் வசந்தா, என் பக்கம் பார்க்காமல்.

என்ன மாத்திரை? வசந்தாவுக்குத் தலைவலி என்றால்கூட எனக்குத்தானே முதலில் தெரியும்? ஜன்னல் வழியே நடவு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்தப் பச்சையும் மனசில் ஏறவில்லை.

மண்டபத்தில் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் ரேணுவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கார்டு, ஆளுக்கொரு பலன். "நீயும் ஒண்ணு எடேன்," என்று வசந்தா என்னை இழுத்து உட்கார வைத்தாள். எடுத்தேன்.

மூன்று பெண்கள் வட்டமாக நின்று கோப்பைகளை உயர்த்திப் பிடித்திருக்கும் படம். த்ரீ ஆஃப் கப்ஸ். எனக்குத் தலைகீழாக வந்தது. ரேணு சட்டென்று அதை நேராகத் திருப்பி வைத்தார்.

"ரொம்ப நல்ல கார்டுங்க. நட்பு, விருந்து, கூடிக் கொண்டாடுறது. ஒருத்தர் சந்தோஷம் மத்தவங்களுக்கும் சந்தோஷம்."

"தலைகீழால்ல வந்துச்சு? ஏன் திருப்புனீங்க?"

ரேணு தயங்கினார். "தலைகீழா வந்தா, கூட்டத்துல ஒருத்தர் வெளியில நிக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. மூணாவது ஆள் உள்ள வர்றது, மறைச்சு வெச்ச பேச்சு... அப்படியும் ஒரு பலன் உண்டு."

"வெளியில நிக்கிறது யாருன்னு கார்டு சொல்லுமா?"

"சொல்லாதுங்க."

"எனக்குத் தெரியுங்க," என்று எழுந்துவிட்டேன்.

கை கழுவும் இடத்துக்கு வசந்தா பின்னாலேயே வந்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"என்ன மாத்திரைடி அது?"

குழாயை மூடினாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். மார்பில் சின்னதாக ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை அந்த வலிக்கு. ரிசல்ட் இன்னும் வரவில்லை. கூடப் போனது ரேணு.

கேட்டதும் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா?

"அவங்ககிட்ட சொல்லியிருக்க. என்கிட்ட சொல்லலை."

"நீ பத்திரிகையில எழுதிடுவியே," என்றாள் வசந்தா. "எங்க மாமியார் பல்செட்டை எழுதின. எங்க வீட்டுக்காரர் குறட்டையை எழுதின. பேரை மாத்திதான் எழுதுற, ஆனா தெருவுக்கே தெரியுது. அதெல்லாம் சிரிச்சுட்டு விட்டேன். இதை என்னால சிரிச்சுட்டு விட முடியாதுடி."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கை.

ரிசல்ட் வாங்கப் போகும் நாளில் நானும் வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். ரேணு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, எனக்கு ஒரு ஆன்லைன் க்ளையன்ட் இருக்கு," என்று ஒதுங்கிக்கொண்டார். க்ளையன்ட் யாரும் இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. இப்படி விட்டுக்கொடுக்க எனக்கு வருமா? அதற்கும் ஒரு பொறாமை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். "சாதாரணக் கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் அழுதோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வசந்தா செய்த முதல் காரியம் – ரேணுவுக்கு போன்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "ஒண்ணுமில்லையாம் ரேணு," என்று அவள் சொன்னபோது அந்தப் பக்கம் ரேணு விம்முவது எனக்கே கேட்டது. அவரும் இத்தனை நாள் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். பகிர்ந்துகொள்ள இன்னொருவர் வந்ததால் என் பங்கு குறைந்துவிடவில்லை என்று புத்திக்குப் புரிகிறது. வயிற்றுக்குத்தான் புரிய மாட்டேன் என்கிறது.

இதை எழுதலாம் என்று வசந்தாவே சொன்னாள். அச்சுக்கு அனுப்புமுன் தன்னிடம் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் கண்டிஷன். காட்டினேன். தன்னைப் பற்றி எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ரேணுவைப் பற்றி நான் குத்தலாக எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டாள்.

நல்ல வரிங்க அது.