ஒரே திரை, இரண்டு ஷிஃப்ட்

தம்பானூர் லாட்ஜ் ரிசப்ஷனில் காலையில் லதா அக்கா, மதியம் நான். கம்ப்யூட்டர் ஒன்றுதான். அக்காவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல், திரை பளிச்சென்று இருக்க வேண்டும். எனக்கோ அந்த வெளிச்சத்தில் தலைவலி வந்துவிடும்.

போன வாரம் முதல் மானிட்டர் ஏஐ உதவியாளரின் பொறுப்பு. சொன்னால் வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும்.

இன்று நான் உட்காரும்போதே திரை மங்கியிருந்தது. உதவியாளரிடம் காரணம் கேட்டேன்.

"உங்களுக்குத் தலைவலி வருமென்று, நீங்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே குறைத்துவைக்கச் சொன்னார் லதா."

பையை எடுத்துக்கொண்டிருந்த அக்காவிடம், "அப்போ கடைசி பத்து நிமிஷம் எப்படிப் படிச்சீங்க?" என்றேன்.

"எழுத்து சரியாத் தெரியல. அது சாரமில்ல, பரவால்ல தம்பி."

ஆறு வருஷமாக நாங்கள் சாவிக்கொத்தை மட்டும்தான் கைமாற்றியிருக்கிறோம்.

அவர் போனதும் உதவியாளரிடம், நாளைக் காலை அவர் வருவதற்குள் வெளிச்சத்தைக் கூட்டிவைக்கச் சொன்னேன்.

அக்கா கேட்டால் இதையும் அது போட்டுக்கொடுத்துவிடும். அதன் வாயை அடைக்கும் வழி யாருக்காவது தெரியுமா?