படலையில் கட்டிய பலகை

உலகத்தையே சுற்றிவந்த வாந்திபேதி சல்லிக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து வாசல் படலையில் எச்சரிக்கைப் பலகை கட்டினார். அதைக் கண்டதும், துவக்கோடு சுற்றிவளைப்புக்கு வந்த ஆமிக்காரர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் எல்லோரும் பிழைத்தோம். "வாந்திபேதி வருத்தம் குறைஞ்சிட்டுதாம். இனி எங்களுக்கு நல்ல காலம்தான்" என்று சொல்லி, என் கணவர் பலகையைக் கழற்றினார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அடுத்த சுற்றிவளைப்பில் நேரே வீட்டுக்குள் வந்து அவரைக் கொண்டுபோனார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

நான் பலகையைத் திரும்பக் கட்டிவிட்டேன். பரிசோதகர் வந்து பார்த்தார். "நாட்டிலையே இப்ப வருத்தம் இல்லை அம்மா. கழட்டுங்கோவன்."

"ஏலாது ஐயா" என்றேன். "மகனுக்கு மீசை அரும்புது."