குதிரை மிரளாமல் இருந்திருந்தால்

கண்ணுகளா, சின்னவள் போன வாரம் பள்ளியில் கொடுத்த நன்னடத்தைப் பரிசு என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அட்டையைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் பத்தாவது படித்தபோது அந்தப் புத்தகத்தில் இருக்கும் கதைதான் எங்களுக்குத் துணைப்பாடம். இங்கிலாந்தில் ராணி ஆண்ட காலத்துக் கதை. லாயத்தில் சாணி அள்ளும் ஏழைப் பையன். பொய் சொல்ல மாட்டான், பசித்தாலும் முணுமுணுக்க மாட்டான். ஒருநாள் மில் முதலாளி ஒருவரின் வண்டிக்குதிரை மிரண்டு ஓட, பாய்ந்து பிடித்து நிறுத்துகிறான். அவர் வேலை கொடுக்கிறார். கடைசியில் அவனும் முதலாளி. பண்பு இருந்தால் ஏழையும் உயரலாம் என்று முடித்தார் வாத்தியார்.

நான் எழுந்து கேட்டேன்: "அந்தக் குதிரை மிரளாம இருந்திருந்தா அவன் என்ன ஆயிருப்பானுங்க சார்?"

பின்பெஞ்சில் ஒருவன், "உன்ற ஊட்டு எருமையை மிரள உடுடா, பாக்கலாம்" என்றான். வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

பள்ளியை விட்டு வரும்போது வாங்கிய டி.சி.யில், 'ஒழுக்கமும் பண்பும்' என்ற இடத்தில் எல்லோருக்கும் 'நன்று' என்று அந்த வாத்தியார் எழுதியிருந்தார். எனக்கு மட்டும் 'திருப்தி'.

ராசிபுரம் பக்கம் ஒரு மில்லில் மிஷின் மாட்டிப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை பழக ஆள் எடுத்தார்கள். ஆபீஸ்காரர் அந்த ஒரு வரியில் விரலை வைத்து, என்ன தப்புப் பண்ணினாய் என்றார். ஒரு கேள்வி கேட்டேன் என்றேன். நம்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

எங்கப்பா காட்டுவேலையைப் போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். வாத்தியார் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பையன் தெரியாம கேட்டுப்போட்டானுங்க சாமி. மாத்திக் குடுங்க."

பண்பை எல்லாம் பேனாவில் மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு வாத்தியார் நோட்டுத் திருத்தப் போனார். பேனாவில் எழுதியது யாராம்?

மில் வேலை போயிற்று. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஏறி, ஊர் ஊராகப் போர் போட்டு, இந்த ஊட்டைக் கட்டினேன். நல்ல குணத்தால் முன்னுக்கு வந்தவன் என்று இப்போது என்னைச் சொல்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொள்கிறேன். என்னைவிட நல்லவர்கள் இன்னும் அதே ரிக்கில் பைப் தூக்குகிறார்கள்.

அப்பா மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தெரியாமல் கேட்கவில்லை நான். தெரிந்தேதான் கேட்டேன். கண்ணுகளா, நீங்களும் கேளுங்கள். அப்பாவைக் கூட்டிவா என்று பள்ளியில் சொன்னால் வருகிறேன். செருப்பைக் கழற்ற மாட்டேன்.