கொடியில் காய்ந்த மஞ்சள் கவுன்

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் முடிந்து, கடைகள் பழையபடி திறந்திருந்த நேரம் அது. நடந்தது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில். எந்த ஊர் என்று மட்டும் சொல்ல மாட்டேன். ஏன் என்பது படிக்கும்போது தெரிந்துவிடும்.

நான் இருப்பது அதே மாநிலத்தில் மாசாய் என்ற ஊரில். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். விளம்பரப் பலகை செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்த கணினியைத் தட்டித் தட்டியே வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். மோட்டார் பட்டறை, கேட்டரிங், கல்யாண மேடை அலங்காரம் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சின்ன வியாபாரிகள். அவர்களுக்கு என் ஆங்கிலம் போதும். ஆனாலும் ஒவ்வொரு வேலையை முடித்துக் கொடுக்கும்போதும், இவன் படிக்காதவன் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற கவலை வந்துவிடும்.

நான் செய்த ஒரு கேட்டரிங் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு ஓர் அக்கா கூப்பிட்டார். புருஷனின் அடி உதை தாங்காமல் வீட்டை விட்டு வரும் பெண்களையும் பிள்ளைகளையும் தங்கவைக்கும் இல்லம் ஒன்றை அவரும் சில தோழிகளும் நடத்துகிறார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு, கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. அதுவரை ஒருவர் சொல்லி ஒருவராகத்தான் பெண்கள் வந்துகொண்டிருந்தார்களாம். யாரிடமும் வாய் திறக்க முடியாத ஒருத்தி கைப்பேசியில் தேடினால் எங்கள் எண் அகப்பட வேண்டும் என்றார். சேவையாகவே செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. பக்கங்கள் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். அவர்கள் செயற்குழுவில் வக்கீல் அம்மா ஒருவர் இருக்கிறாராம். ஆங்கிலத்தில் ஒரு பிழை இருந்தால் என்ன நினைப்பார்? எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

"வக்கீலம்மா உங்கள என்ன கூண்டுலயா ஏத்தப் போறாங்க? வந்து சாப்பிடுங்க லா" என்றாள் என் மனைவி.

முகவரி போடக்கூடாது, யார் முகமும் தெரியக்கூடாது என்று அக்கா முதலிலேயே சொல்லியிருந்தார். கடைகளுக்கு வழக்கமாக வைக்கும் வரைபடத்தை வைக்கவில்லை. ஆனால் படமே இல்லாத வெப்சைட் எனக்குச் சரக்கில்லாத கடை மாதிரி. அக்காவைக் கேட்டு, ஆட்கள் யாரும் விழாமல் சில படங்கள் எடுத்தேன். சமையலறை அலமாரி, வாசலில் வரிசையாகக் கிடந்த சிலிப்பர்கள், பின்கட்டில் துணிக்கொடி. கொடியில் ஒரு குட்டி மஞ்சள் கவுன் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் அழகாக வந்திருந்தது. அதையே முதல் பக்கத்தில் பெரிதாக வைத்தேன். அக்காவுக்கும் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இல்லத்திலேயே செயற்குழுவுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. ஒரு வேலை முடிந்தால் அதைப் படம் பிடித்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். அதைப் பார்த்துத்தான் அடுத்த வேலை வரும். அன்று காலையும் அந்த முதல் பக்கத்தைப் போட்டேன். இல்லத்தின் பெயரைக்கூட மறைத்துத்தான் போட்டேன்.

வக்கீல் அம்மா ஆங்கிலப் பக்கத்தை வரி வரியாகப் படித்தார். கடைசியில், நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அங்கே தங்கியிருந்தவர்களையும் பார்க்க வரச் சொல்லியிருந்தார் அக்கா. பெண்பிள்ளையைக் கையில் பிடித்தபடி ஓர் இளம்பெண் கதவோரம் நின்றிருந்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, அந்தக் கவுன் என் மவளோடது. அவங்கப்பா வாங்கினது."

பிறகு கிட்டே வந்து, கொடிக்குப் பின்னால் சுவருக்கு மேலே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுக் காட்டினாள். "இதுவும் தெரியுது. அவரு லாரி ஓட்டுறவரு. பாத்தா எந்தத் தாமான், எந்தக் குடியிருப்புன்னு சொல்லிருவாரு."

தொட்டி படத்தில் இருந்ததை அதுவரை நானும் கவனிக்கவில்லை, அக்காவும் கவனிக்கவில்லை. இந்தப் படம் காலையிலிருந்து என் ஸ்டேட்டஸில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொல்லி முடித்தேன் என்று தெரியவில்லை. உடனே அழித்தேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதான். யார் யார் பார்த்தார்கள் என்று கைப்பேசி காட்டியது. அதில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரும் இருந்தார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. அந்தப் புருஷன் பார்த்தானோ இல்லையோ, இனி அவளை இங்கே வைத்திருப்பது சரியில்லை, இருட்டுவதற்குள் வேறிடம் மாற்றிவிடுவோம் என்று வக்கீல் அம்மா முடிவெடுத்தார். பிள்ளை இப்போதுதான் பாலர் பள்ளியில் அழாமல் உட்கார ஆரம்பித்திருக்கிறாள் என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். என் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி," என்றார் வக்கீல் அம்மா. "எங்க போறாங்கன்னு உங்களுக்கும் தெரிய வேணாம்."

அவர் சொன்னது சரி. ஆனாலும் சுருக்கென்றது.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துணிப்பையோடு அவள் வெளியே வந்தாள். மன்னித்துவிடுங்கள் என்றேன். வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டு ஆள் வந்துவிட்டால் சட்டென்று மூட வழி இருக்கிறதா என்று கேட்டாள். அதற்கென்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். அமுக்கினால் வானிலைப் பக்கத்துக்குத் தாவிவிடும். கைப்பேசியில் காட்டினேன். அழகைக் கெடுக்காமல் கீழ் மூலையில் சின்னதாக இருந்தது.

"பெருசா வைங்கண்ணே," என்றாள். "கை நடுங்குறப்ப இத்துனூண்ட அமுக்க முடியாது."

அதற்குள் கார் வந்துவிட்டது. பிள்ளை எனக்குக் கையாட்டிக்கொண்டே ஏறியது.

அவள் புருஷன் அந்தப் படத்தைப் பார்த்தானா என்று கடைசிவரை தெரியவில்லை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சில மாதம் கழித்து அக்கா சொன்னார். எங்கே என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெப்சைட்டில் இப்போது படமே கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே, கட்டைவிரல் முழுவதும் பதியும் அளவுக்குச் சிவப்பாக அந்தப் பட்டன் இருக்கிறது. வெப்சைட்டைப் பார்த்து ஒரு பெண் முதன்முதலாகக் கூப்பிட்ட அன்று, அக்கா எனக்குப் போன் செய்து சொன்னார்.

கவலைப்படுகிற குணம் என்னை விட்டுப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு பக்கத்தைச் செய்து முடிக்கும்போது, அதைப் பார்த்து என்னை யார் என்ன நினைப்பார்களோ என்பதைவிட, அதைத் திறக்கிறவளுக்குப் பின்னால் யார் வந்து நிற்பார்களோ என்றுதான் முதலில் கவலைப்படுகிறேன்.